சஸ்பென்ஸில் கிடக்க வேண்டிய பணம்

என் தாய்மாமாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் ரொம்ப நாளாக முடியாமல் கிடக்கிறது. கிரெடிட் கார்டு பில்லில் தப்பான தொகை ஒன்று ஏறிவிட்டால் அதைக் கட்டிவிட்டுச் சண்டை போடுவதா, கட்டாமல் நின்று சண்டை போடுவதா? மாமா பாளையங்கோட்டைக்காரர். கூட்டுறவு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவர். "ஏல, தப்புன்னு தெரிஞ்ச துட்டை எதுக்குல கட்டணும்?" என்பது அவர் கட்சி. அவர் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்பார்களாம். எங்கே தவறு என்று தெரிகிறவரை அந்தப் பணம் வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை. யார் தலையிலும் வட்டி ஏறாது. கார்டு பில்லுக்கும் அதுதானே நியாயம் என்று கேட்பார்.

நியாயம்தான். ஆனால் நான் கட்டிவிட்டுச் சண்டை போடுகிற கட்சியில் இருக்கிறேன். வட்டிக்குப் பயந்துதான் அதில் சேர்ந்தேன். இந்தப் பயம் சரியா, மாமாவின் பிடிவாதம் சரியா என்று யோசித்து யோசித்து, இரண்டு பேருக்கும் நடந்ததை எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரே புடவை, இரண்டு வரி

அக்கா மகள் கல்யாணத்துக்காகத் தி.நகரில் ஒரு கடையில் பட்டுப்புடவை எடுத்தோம். பில் 18,400 ரூபாய். கார்டைச் செருகிப் பின் நம்பர் போட்டதும் மெஷின் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, டைம் அவுட் என்று கைவிரித்தது. சீட்டு வரவில்லை. "நெட்வொர்க் இல்ல சார், இன்னொரு தடவை போடுங்க" என்றார் கேஷியர். போட்டேன், சீட்டு வந்தது. படி இறங்குவதற்குள் மொபைலில் இரண்டு எஸ்எம்எஸ், இரண்டிலும் அதே 18,400. திரும்பிப் போய்க் காட்டினேன். "முதல்ல போனது தானா ரிவர்ஸ் ஆயிடும் சார், நாங்க தினமும் பாக்குறதுதான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.

பதில் வராத மெஷின், "அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்" என்று ஒரு தகவலைத் தானாகவே அனுப்ப வேண்டும். அந்தத் தகவலும் அதே ஓட்டை நெட்வொர்க்கில் தொலைந்துபோனால்தான் வினை. அப்போது என் கார்டு வங்கியின் ஏட்டில் பணம் போனதாக இருக்கும், கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியின் ஏட்டில் பணம் வர வேண்டியதாக இருக்கும். கடைக்காரர் கையில் மட்டும் ஒன்றும் இருக்காது. அன்றைய கணக்கு முடிக்கப்படும்போது அந்தத் தொகையும் மற்றவற்றோடு சேர்ந்து போய்விடும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கை இதை அச்சு அசலாக வருணிக்கிறது. கணக்கில் பணம் கழிந்து, கடையில் சீட்டு வராமல் போனால், 5 நாளைக்குள் தானாகத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எனக்கு 5 நாளிலும் வரவில்லை, 10 நாளிலும் வரவில்லை. ஸ்டேட்மென்ட் வந்தபோது ஒரே தேதி, ஒரே கடை, ஒரே தொகை என்று இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

கஸ்டமர் கேரில் எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்பார்கள். "இந்த டிரான்ஸாக்ஷன் நீங்க பண்ணினதுதானா சார்?" சாதாரணக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் உங்கள் புகார் எந்தக் கதவு வழியாகப் போகப்போகிறது என்பது அந்தப் பதிலில் முடிவாகிவிடும். இல்லை என்றால் மோசடிக் கதவு. கார்டை உடனே முடக்குவார்கள், புதிய கார்டு வரும், ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி புகார் கொடுத்து 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. கார்டுகளுக்கென்று 2022-இல் வந்த விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: மோசடி என்று தகராறு செய்யப்பட்ட தொகைக்கு, தகராறு தீரும்வரை எந்தக் கட்டணமும் போடக்கூடாது. ஆமாம் என்றாலோ, அது டிஸ்ப்யூட் கதவு. இரட்டைப் பில், வராத ரீஃபண்ட், கேட்காத கட்டணம் எல்லாம் இந்த வழியில்தான். இங்கே பில்லை எதிர்த்துக் கேட்டால் 30 நாளுக்குள் விளக்கமும் தேவையான ஆவணமும் தர வேண்டும் என்று விதி உண்டு. அந்த 30 நாளுக்கு வட்டி ஓடாது என்று மட்டும் எங்கும் இல்லை.

நான் செய்தது உண்மை, ஒரு தடவைதான் செய்தேன் என்பதும் உண்மை. உண்மையைச் சொன்னவனுக்குப் பாதுகாப்பு குறைந்த கதவு. "நான் பண்ணவே இல்லன்னு சொல்லிடு, சீக்கிரம் முடியும்" என்று ஆபீஸில் ஒரு நண்பர் யோசனை சொன்னார். பின் நம்பர் போட்டு வாங்கியதை அப்படிச் சொன்னால் அது பொய்ப்புகார். அதற்கப்புறம் நிஜமாகவே மோசடி நடந்தால் நம் பேச்சு எடுபடுமா?

சரி, டிஸ்ப்யூட் பதிவாயிற்று. அடுத்து கஸ்டமர் கேர் பெண் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. "ட்யூ டேட்டுக்குள்ள டோட்டல் அமவுன்ட் கட்டிடுங்க சார். இன்வெஸ்டிகேஷன் முடிஞ்சதும் ரிவர்ஸ் ஆயிடும்." அந்த 18,400-ஐ மட்டும் நிறுத்திவைத்து மீதியைக் கட்டலாமா என்று கேட்டேன். "கட்டலாம் சார், ஆனா இன்ட்ரஸ்ட் வரும் சார்" என்றார். எந்தத் தொகைக்கு என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எல்லாத்துக்கும்" என்றார். நல்ல பெண், மழுப்பாமல் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த பில் 60,000 என்று வைத்துக்கொள்வோம். 18,400-ஐ நிறுத்திவிட்டு 41,600-ஐக் கடைசித் தேதியில் கட்டுகிறீர்கள். முழுதாகக் கட்டாததால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. வாங்கியதெல்லாம் 45 நாள் முன்பு வாங்கியது என்றால், நீங்கள் ஒழுங்காகக் கட்டிய 41,600-க்கே வட்டி 2,150 ரூபாய்க்குப் பக்கம் வரும். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நிறுத்திவைத்த தொகைக்கு நாளுக்கு 21 ரூபாய் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இது போதாதென்று, அடுத்த மாதம் அந்தக் கார்டில் பால் பாக்கெட் வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. இந்த வட்டிக்கு உச்சவரம்பும் கிடையாது. 30 சதவீதத்துக்குமேல் வாங்குவது நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் முழுத்தொகையையும் கட்டினேன். என்னுடைய 18,400, தவறு யாருடையது என்று தெரியாமலே, வங்கியிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

மாமாவின் 849 ரூபாய்

மாமா கட்டவில்லை. அவர் பில்லில் வந்தது கார்டோடு சேர்த்துக் கட்டிவிட்ட ஒரு காப்பீட்டின் பிரீமியம், 849 ரூபாய். அவர் கேட்கவே இல்லை. வங்கியோ, நீங்கள் போனில் சம்மதித்த பதிவு இருக்கிறது என்றது. "அப்படின்னா அதைப் போட்டுக் காட்டு, என் குரலை நானே கேக்கேன்" என்று எழுதிக் கேட்டார். பதிவு கடைசிவரை வரவில்லை. காப்பீடு போன்றவற்றுக்கு வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆகவே சட்டம் அவர் பக்கம்.

பில்லில் 849-ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினார். ஒரு விளக்கக் கடிதமும் வைத்தார், பழைய பழக்கம். அடுத்த மாதம் வட்டி வந்தது. அதையும் கழித்துக் கட்டினார். அப்புறம் கோபத்தில் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதுதான் நிலைமையை மாற்றியது. கார்டில் வேறு செலவு இருந்தவரை அவர் கட்டியது, தாமதக் கட்டணம் விழாமலிருக்கக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை எப்படியும் தாண்டிவிடும். செலவை நிறுத்தியதும் பில்லில் மிஞ்சியது தகராறுத் தொகை மட்டும்தான், அதற்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு, அதை அவர் கட்டப்போவதில்லை. 849 ரூபாய்க்கு மாதாமாதம் தாமதக் கட்டணம் 500 என்று ஏற ஆரம்பித்தது. மாமா ஒவ்வொரு பில்லையும் சிவப்பு மையில் திருத்தி ஃபைலில் சேர்த்துவைத்தார். எங்கள் குடும்பத்தில் அந்த ஃபைல் பிரசித்தம்.

அவர் மகன் வீட்டுக் கடனுக்கு மனு போட்டு, மாமாவைக் கூட்டு மனுதாரராகச் சேர்த்தபோதுதான் விஷயம் வேறு ரூபத்தில் வெளிவந்தது. கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் மாமா பெயருக்கு நேராக நிலுவை. ஒரு தவணை தவறாதவர், ஊரில் நாலு பேருக்கு ஜாமீன் போட்டவர், அவரைப்போய்க் கடன் பாக்கிக்காரர் என்று ஒரு கம்ப்யூட்டர் எழுதிவைத்திருந்தது. அத்தை இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. இதிலும் விதி மாமா பக்கம்தான். தகராறு நிலுவையில் இருக்கும் கார்டுகளின் விஷயத்தில் கடன் தகவல் நிறுவனங்களுக்குச் சொல்லும்போது தனிக் கவனம் வேண்டும், தீர்ந்த பிறகே சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எழுதியிருக்கிறது. ஆனால் அந்தத் தகராறு வங்கியின் கணினியில் "முடிக்கப்பட்டது" என்றிருந்தது. யார் முடித்தார்கள்? அவர்களேதான். புகார் கொடுத்தவருக்கு முடிந்த செய்திகூடப் போகவில்லை.

மாமா ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனுக்குப் போனார். தனித்தனியாக இருந்த ஆம்பட்ஸ்மன் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் சேர்த்து ஒரே திட்டமாக்கியதிலிருந்து, எந்த ஊரிலிருந்தும் புகாரைச் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம், இணையத்திலும் போடலாம். முதலில் வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாள் காத்திருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம். மாமா அந்த ஃபைலை முழுக்க நகல் எடுத்துத் தபாலில் அனுப்பினார். கொஞ்ச வாரத்தில் வங்கியிலிருந்து ரொம்ப மரியாதையாக ஒரு போன். பிரீமியம், வட்டி, தாமதக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் பில்லிலிருந்து நீக்கப்பட்டன. சிபிலும் திருத்தப்பட்டது. இவ்வளவு நாள் முடியாது என்றது, மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் போனதும் முடிந்தது. எனக்கு அதில் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

மாமா இதை வெற்றி என்கிறார். மகனின் கடன் இரண்டு மாதம் தள்ளிப்போனதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே 1974-இல் ஒரு சட்டம் போட்டார்கள் என்று அவரிடம் சொன்னபோது, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பில் வந்து 60 நாளுக்குள் தவறை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வங்கி 30 நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் போட வேண்டும். இரண்டு பில் சுற்றுக்குள், எப்படியும் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதுவரை தகராறுத் தொகையை மட்டும் கட்டாமல் வைத்திருக்கலாம். வசூலிக்க முயலக்கூடாது, அந்தத் தொகையை வைத்து ஆளைப் பாக்கிக்காரர் என்று எங்கும் எழுதக்கூடாது. வங்கி இந்த நடைமுறையை மீறினால், பில் சரியாகவே இருந்தாலும் அந்தத் தொகையில் 50 டாலர்வரை வசூலிக்கும் உரிமையை இழக்கும். மாமாவுக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கடைசி விதிதான். "பாத்தியா, அவன் சஸ்பென்ஸ் கணக்கைச் சட்டமாவே எழுதி வச்சிருக்கான்" என்றார். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அந்த பிடிஎஃப்

என் கதைக்கு வருகிறேன். முழுத்தொகையைக் கட்டிய சில நாளில் வங்கி 18,400-ஐ டெம்பரரி கிரெடிட் என்று வரவு வைத்தது. நம்மூர் சஸ்பென்ஸுக்குப் பக்கத்தில் வருவது இதுதான் என்று மாமாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குகள் வழியாகக் கடைக்காரரின் வங்கியிடம் விளக்கம் கேட்கும் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வகைத் தகராறுக்கும் ஒரு எண் உண்டு. ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை பதிவானால் விசாவின் பட்டியலில் அது 12.6.1. என் பிரச்சினைக்கு ஒரு எண்ணே இருக்கிறது என்பதில் ஏனோ ஒரு ஆறுதல். இதற்கிடையில் கடைக்கும் போய்வந்தேன். அவர்கள் கணக்காளர் ஒரே பில் எண்ணைத்தான் காட்டினார். வங்கியிலிருந்து அவர்களுக்கு அன்றன்று மொத்தமாக, கமிஷன் கழித்து வருகிற தொகையில் என் புடவை ஒரு தடவை இருக்கிறதா, இரண்டு தடவை இருக்கிறதா என்று அவரால் அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. விசாரணை முடிந்தது, பரிவர்த்தனை செல்லுபடியானது என்று கடைக்காரரின் வங்கி ஆதாரம் அளித்துள்ளது, தற்காலிக வரவு திரும்பப் பெறப்படுகிறது. கூடவே ஒரு பிடிஎஃப். அடுத்த பில்லில் அந்த 18,400 திரும்ப ஏறிவிட்டது. இப்போது தேதி மட்டும் புதிது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ஆதாரம் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டிவிட்டது என்றதும், நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடும். எனக்கும் ஒரு கணம் வந்தது, உண்மையிலேயே இரண்டு புடவை எடுத்தோமா என்று வீட்டில் கேட்டேன். கிடைத்த பார்வையை இங்கே எழுத முடியாது. அப்புறம்தான் பிடிஎஃப்பைத் திறந்து ஒழுங்காகப் பார்த்தேன். அது ஒரு சீட்டின் படம். கடையின் பெயர், கார்டின் கடைசி நான்கு எண்கள், 18,400, பின் சரிபார்க்கப்பட்டது, கையெழுத்து தேவையில்லை. எல்லாம் சரி. கீழே நேரமும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனியாகத் தரப்படும் அனுமதி எண்ணான அப்ரூவல் கோடும் இருந்தன. அந்த எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. என்னிடம் இருந்த சீட்டை எடுத்தேன். தெர்மல் தாள் சீக்கிரம் வெளிறிவிடும் என்பதால் அன்றைக்கே மொபைலில் படம் எடுத்துவைத்திருந்தேன். அதே நேரம், அதே கோடு. அதாவது, நான் எதிர்க்காத இரண்டாவது பரிவர்த்தனையின் சீட்டு அது. முதல் பரிவர்த்தனையின் நேரமும் கோடும் வேறு, அவை வங்கியே எனக்கு அனுப்பிய புகார் ஒப்புகையில் இருந்தன.

இரண்டு பரிவர்த்தனை நடந்ததற்கு ஆதாரம் கேட்டால், ஒன்று நடந்ததற்கான சீட்டை அனுப்பியிருந்தார்கள். முதலாவதற்கு ஆதாரம் எப்படி இருக்கும்? சீட்டே அச்சாகவில்லையே! கடைக்காரரின் வங்கியில் யாரோ தொகையும் தேதியும் பொருந்துகிற ஒரு சீட்டைத் தேடி எடுத்து அனுப்பினார்கள், என் வங்கியில் யாரோ சீட்டு வந்ததா, வந்தது என்று பெட்டியில் டிக் அடித்தார்கள். கெட்ட எண்ணம் எவருக்கும் இருந்திருக்காது. ஆதாரத்தை அதற்குரிய பரிவர்த்தனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் விசாரணை, அதை மட்டும் அந்த வரிசையில் ஒருவரும் செய்யவில்லை. பணம் ஏற்கெனவே வங்கியிடம் இருக்கும்போது செய்வதற்கு என்ன அவசரம்?

வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குச் சின்னதாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நீங்கள் அனுப்பிய சீட்டின் அப்ரூவல் கோடு இது, நான் எதிர்க்கும் பரிவர்த்தனையின் கோடு இது, நான் எதிர்க்கும் பரிவர்த்தனைக்கான சீட்டை அனுப்பவும், அல்லது தொகையைத் திருப்பவும். விதிகள், சுற்றறிக்கைகள், ஆதங்கம் எதையும் எழுதவில்லை. கொட்டித் தீர்க்கிற நீண்ட புகார்களுக்கு வார்ப்புருப் பதில் வருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், பதில் எழுதுகிறவர் அந்த எண்களைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த வாரமே 18,400 நிரந்தர வரவாக வந்தது. சீட்டு வராத பரிவர்த்தனைக்கு நாளுக்கு 100 ரூபாய் என்ற அந்த 2019 கணக்கைத் தனியாகக் கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் "உங்கள் கருத்து சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று வருகிறது.

ஆக இரண்டு பேரும் ஜெயித்தோம், வாக்குவாதம் முடியாததற்கு அதுவே காரணம். பணமே கட்டாமல் ஜெயித்தேன் என்கிறார் மாமா. பெயர் கெடாமல் ஜெயித்தேன் என்கிறேன் நான். 849 ரூபாய்க்கு மாமா மாதிரி நிற்கலாம், மனசும் ஃபைலும் இருந்தால். 18,400-க்கு, அதுவும் அதே கார்டில் வீட்டுச் செலவு ஓடும்போது, நிற்க முடியாது. தவறு வங்கியுடையதாக இருந்தாலும் காத்திருக்கும் செலவு என்னுடையது என்று ஏற்பாடு இருக்கிறவரை, நான் கட்டிவிட்டுத்தான் கேட்பேன். மாமாவின் நியாயம் சரி என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை, அந்த நியாயத்துக்கு நாளுக்கு 21 ரூபாய் கட்ட மனம் வரவில்லை.

மாமா போன மாதம் ரிசர்வ் வங்கிக்கு ஒரு மனு எழுதி, போனில் வாசித்துக் காட்டினார். மோசடி என்று தகராறு செய்யப்பட்ட தொகைக்குத் தீரும்வரை கட்டணம் கூடாது என்ற விதியில், பில் பிழை என்று தகராறு செய்யப்பட்ட தொகையையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஒன்றரைப் பக்கம், கச்சிதமான தமிழ், நகல் நிதியமைச்சகத்துக்கு. நானும் கையெழுத்துப் போடுகிறேன் மாமா என்றேன். "போடு. ஆனா நீ துட்டைக் கட்டிட்டுச் சண்டை போடுற ஆளு, உன் பேரு ரெண்டாவதா இருக்கட்டும்" என்றார்.